மின்ட் மடிக்கணினிக்கு டைம்ஷிஃப்ட் மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் மின்ட் நிறுவிய மடிக்கணினியில் டைம்ஷிஃப்ட் என்ற காப்பு நிரல் நாள்தோறும் இயங்கும்படி அமைத்திருந்தேன். தவறுதலாக அழித்த ஒரு படக் கோப்புறையைச் சென்ற வாரம் அதில் தேடியபோதுதான், என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையே அதில் சேரவில்லை என்பது தெரியவந்தது. மீதமுள்ள படங்களும் ஆவணங்களும் ஏறத்தாழ 180 ஜிபி. எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமை வடிவில் 1 டிபி வெளி வன்தட்டு ஒன்று இருக்கிறது. ஆர்சிங்க், போர்க் ஆகிய இரண்டு காப்பெடுக்கும் நிரல்களில் எது பொருத்தமானது?

மறுமொழி 1:
புதுப்பிப்பு ஏதேனும் இயங்குதளத்தைக் குலைத்துவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்புவதற்காகவே டைம்ஷிஃப்ட் எழுதப்பட்டது. ஹோம் கோப்புறையை அதில் சேர்க்கவும் வேண்டாம். சேர்த்தால், இயங்குதளத்தை மீட்கும்போது நேற்று எழுதிய ஆவணமும் பழைய நிலைக்குப் போய்விடும்.

உங்களுக்கு போர்க் ஏற்றது. அது கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஒரே மாதிரியான துண்டை ஒருமுறை மட்டுமே சேமிப்பதால், ஒரு கோப்புறையின் பெயரை மாற்றினாலோ வேறிடத்திற்கு நகர்த்தினாலோ அதிலுள்ள படங்கள் மீண்டும் இடம் பிடிப்பதில்லை. மறையாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறந்தால் எவராலும் திறக்க இயலாது. முனையம் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) பழக்கமில்லையெனில் வோர்ட்டா என்ற வரைகலை நிரல் உண்டு.

மறுமொழி 2:
நான் ஆர்சிங்கை விடுவதாக இல்லை. வன்தட்டை எந்த லினக்ஸ் கணினியில் செருகினாலும் கோப்புகள் கோப்புகளாகவே தெரியும். நான் ஊரில் இல்லாதபோதும் வீட்டார் படங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டிலீட் விருப்பத்துடன் இயக்கினால், இங்கே அழித்தது அடுத்த முறை அங்கேயும் அழியும் என்பதால், உங்களுக்கு நேர்ந்ததற்கு அது மருந்தாகாது. லிங்க்-டெஸ்ட் விருப்பத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்புறை உருவாகி, மாறாத கோப்புகள் ஹார்டு லிங்காக, அதாவது ஏற்கெனவே உள்ள அதே கோப்பைச் சுட்டும் இன்னொரு பெயராக மட்டும் நிற்கும். எக்ஸ்ஃபேட்டில் ஹார்டு லிங்கும் இல்லை, லினக்ஸின் கோப்பு அனுமதிகளும் நிற்கா. வன்தட்டில் இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமைக்கு மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நான் அடிக்கடி கோப்புறைகளை மாற்றி அடுக்குபவன் என்பதால் போர்க்கையே தேர்ந்தெடுத்து, ஈஎக்ஸ்டி4 ஆக மாற்றிய வன்தட்டில் சில காப்புகளும் எடுத்துவிட்டேன். ஆனால் ப்ரூன் கட்டளையால் பழையவற்றை நீக்கிய பின்னும் வன்தட்டில் இடம் கூடவில்லையே?

மறுமொழி 1:
போர்க்கின் 1.2 பதிப்பு முதல் ப்ரூன் பழைய காப்புகளை நீக்குவதோடு நின்றுவிடும். இடத்தை விடுவிக்க அதன்பின் காம்பாக்ட் கட்டளையையும் இயக்க வேண்டும். அப்படியே, ஏதேனும் ஒரு படக் கோப்புறையை வேறிடத்தில் மீட்டெடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.