நிலக்கரியோடு ஆர்.டி.எஃப். எரித்த மூவரின் அனுபவம்: பெட் உறைந்த இரவும் மற்றவையும்

காகித ஆலை ஒன்றில் ஏ.எஃப்.பி.சி. பாய்லர் ஆபரேட்டர் நான். கீழிருந்து ஊதும் காற்றில் கொதிப்பதுபோலப் புரளும் சூடான மணல் படுக்கையில் எரிபொருளை எரிக்கும் பாய்லர் இது; அந்த மணல் படுக்கைதான் பெட். நிலக்கரியோடு குப்பையிலிருந்து செய்த எரிபொருளான ஆர்.டி.எஃப். கலக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம், நைட் ஷிஃப்ட். பெட் 850 டிகிரியில் நிதானமாகத்தான் ஓடியது. திடீரென பெட்டின் வெப்பம் காட்டும் ஒரு தெர்மோகப்பிள் 940-க்கு ஏற, பக்கத்திலிருந்தது 700-க்கு இறங்கியது. பெட்டுக்கு அடியில் காற்று வரும் விண்ட்பாக்ஸின் பிரஷர் முள்ளின் வழக்கமான ஆட்டமும் அடங்கிவிட்டது. மணல் கொதிப்பது நின்று உறைகிறது என்று அப்போதே வயிற்றைக் கலக்கியது.

நிறுத்தி, ஆறவைத்து, உள்ளே இறங்கினால் அண்டா அளவுக்குக் கிளிங்கர், அதாவது சாம்பலும் மணலும் உருகி இறுகிய கட்டி. கடப்பாரை போட்டு உடைத்தோம். உடைந்த பக்கத்தில் கண்ணாடி போலப் பச்சை மினுக்கம், நடுவே வளைந்த கட்டுக்கம்பி. காற்று ஊதும் ஏர் நாசில் ஓட்டைகளில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல அலுமினியம். மாத்திரை அட்டையின் தகடெல்லாம் 660 டிகிரியிலேயே உருகிவிடும், பெட்டில் எங்கே தாங்கும்?

இப்போது பெட் சாம்பலை மணிக்கொருமுறை இறக்குகிறோம். சலித்து, கம்பியும் ஆணியும் பொறுக்கிவிட்டு மணலைத் திரும்பப் போடுகிறோம். அப்புறம் ஒரு தடவைகூட உறையவில்லை.

*

நான் பராமரிப்புப் பிரிவு. எங்களுக்கு அடி விழுந்தது நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களில். ஆர்.டி.எஃப்.இல் கலந்த பி.வி.சி. பிளாஸ்டிக்கில் வரும் குளோரின், சாம்பலிலுள்ள சோடியம், பொட்டாசியத்தோடு சேர்ந்து குழாய்மேல் படிந்து இரும்பை அரித்துவிட்டது. கரியைக் குறைத்து ஆர்.டி.எஃப்.ஐக் கூட்டினால் லாபம் என்று எண்ணியிருந்தோம். ஆனால் கரியில் இருக்கும் கந்தகம்தான் அந்தக் குளோரைடுகளைச் சல்ஃபேட்டாக மாற்றிக் குழாயைக் காக்கிறது. நாங்களோ புகைக்குப் பயந்து பெட்டில் சுண்ணாம்புக்கல்லை அள்ளிப் போட்டு, அந்தக் கந்தகத்தையும் பிடித்துவைத்துவிட்டோம்! இப்போது சுண்ணாம்பை அளந்து போடுகிறோம். குளோரைடு சல்ஃபேட்டாக மாறும்போது விடுபடும் குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாகப் புகையோடு வெளியேறும். அதைப் புகையின் தூசியை வடிக்கும் துணிப்பையான பேக் ஃபில்டருக்கு முன்னால் நீற்றுச் சுண்ணாம்பு தெளித்துப் பிடிக்க வேண்டும். அதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்காதீர்கள், ஊர் மூச்சுவிடும் காற்று அது.

*

நான் ஆர்.டி.எஃப். தயாரிக்கும் பக்கம். ஆர்.டி.எஃப். தயாரிக்கும் இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் உள்ள ஆலைகள் எரிபொருளில் 5 சதவீதமாவது ஆர்.டி.எஃப். சேர்க்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொன்னபோது, வாங்க ஆள் வருவார்கள் என்று மகிழ்ந்தோம். வந்தார்கள், ஆனால் லோடு திரும்பியும் வந்தது. காரணம் உள்ளே கிடந்த பி.வி.சி.: பைப் துண்டு, வயர் தோல், ரெக்சின் செருப்பு. இந்த மூன்றையும் கன்வேயரில் கையால் பொறுக்க நான்கு பெண்களை அமர்த்திய பிறகுதான் திரும்பி வருவது நின்றது. உங்கள் குழாயைக் காப்பது அவர்கள் கைதான். ஒரு ஜோடி கையுறை இரண்டே நாளில் கிழிகிறது. டன்னுக்கு விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.