ரோத்னோ இஸ்குஸ்த்வோ: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சிற்றிதழுக்காகச் சோபியா நகரக் கலைக்கூடத்தைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நகரப் பூங்காவில், முன்பு சூதாட்டக் கூடமாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது அது. கடந்த நூற்றாண்டின் பல்கேரிய ஓவியர்களை அங்கே மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள். கட்டுரை முழுக்க ஒரு பல்கேரியச் சொல் வந்துகொண்டே இருக்கிறது: ரோத்னோ இஸ்குஸ்த்வோ. 1919இல் அந்தப் பெயரில் ஓவியர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். பிறகு 1920களின் போக்கு முழுவதற்கும் அதுவே பெயராகிவிட்டது.

இஸ்குஸ்த்வோ என்றால் கலை. சிக்கல் ரோத்னோவில். வேர் ‘ரோத்’, அதாவது குலம், பிறப்பு. ரோதினா (தாய்நாடு), நரோத் (மக்கள்), ப்ரிரோதா (இயற்கை) எல்லாம் அதில் கிளைத்தவை. ‘தேசியக் கலை’ என்று எழுதிப் பார்த்தேன், அரசாங்க வாடை அடிக்கிறது. ‘நாட்டுக்கலை’ என்றால் நாட்டுப்புறக் கலை என்று படித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும், உதவுங்கள்.
– க.

அம்மா, நேர்ச்சொல் நம்மிடமே இருக்கிறது: தமர், அதாவது தம்மவர். எமர், நமர், நுமர், தமர். ‘பெரியாரைப் பேணித் தமராக் கொளல்’ என்று வள்ளுவர் சொன்னாரே, அதே தமர். அரசையும் எல்லையையும் இழுக்காமல் உறவை மட்டும் சொல்லும். ஆகவே ‘தமர் கலை’. உயர்திணைப் பெயர், வல்லினம் மிகாது. தமர்க்கலை என்று எழுதிவிட வேண்டாம்.

‘நாடு’ சேர்ந்த எதுவும் வேண்டாம். அது ‘நடு’ என்ற வினையில் பிறந்தது என்பார் உண்டு. நட்டுப் பயிராக்கிய நிலம் நாடு, நடாமல் விட்டது காடு என்பது அவர்கள் விளக்கம். அப்படிப் பார்த்தால் நாடு என்பது உழைப்பின் பெயர், பிறப்பின் பெயர் அன்று. ரோத் பிறப்பைச் சொல்வது. இரண்டையும் ஒட்டவைக்க முடியாது.
– மு.ரா.

ஐயா, இன்று பதினொன்றாம் வகுப்பில் ‘தமர் கலை’ என்று பலகையில் எழுதிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி, “சார், தாமரைன்னு எழுத வந்தீங்களா?” என்று கேட்டாள். கீழே ‘தாய்மண் கலை’ என்று எழுதினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே பின்வரிசையில் ஒருவன் பொருள் சொல்லிவிட்டான். படிப்பவருக்குப் புரியாத கலைச்சொல் அகராதியில்தான் கிடக்கும். நடு–நாடு பற்றித் தனி இழை தொடங்குங்கள், எனக்கும் சொல்ல இருக்கிறது. காடு எதிலிருந்து வந்தது என்பதையும் அப்போது பார்க்க வேண்டும்.
– செ.

புரியவில்லை என்பதற்காக விட்டால் ‘பேருந்து’ வந்திருக்குமா? புழங்கினால் புரியும். தாய்மண் என்பது மேடைச் சொல். மைக்கைப் பிடித்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள்.
– மு.ரா.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். ‘பிறந்தகம்’ என்ற சொல்லை ஒருவரும் நினைக்கவில்லையா? பிறப்பு, குலம், வீடு மூன்றும் அதற்குள் இருக்கின்றன. பிறந்தகக் கலை. எங்கள் பக்கம் பேச்சில் தாய்வீடு என்போம், ஆனால் எழுத்தில் பிறந்தகம் எல்லோருக்கும் விளங்கும்.

அந்த ஓவியர்களை நினைத்துப் பாருங்கள். ‘மைஸ்தோரா’, அதாவது ஆசான், என்று அழைக்கப்பட்ட விளாதிமிர் திமித்ரோவ் ரோம் வரை போய், பிறகு கியூஸ்தெந்தில் பக்கத்தில் ஷிஷ்கோவ்த்ஸி என்ற சிற்றூருக்கு வந்து இருந்தவர். அவர் வரைந்த கிராமத்துப் பெண்களைப் பாருங்கள். முகம் நேராக நம்மைப் பார்க்கும், தலையைச் சுற்றி ஆப்பிள்கள். தேவாலயப் படத்தில் ஒளிவட்டம் இருக்கும் இடத்தில் பழம். இவான் மிலெவின் கோடுகளில் வியன்னாவின் அலங்காரப் பாணி தெரியும், ஆனால் அவர் வரைந்தது கறுப்பு உடுத்த பல்கேரியத் தாய்மாரை. வெளியே போய்ப் பார்த்த கண்ணோடு வீட்டைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போகாதவளுக்கு அது வெறும் வீடு, போனவளுக்குத்தான் பிறந்தகம்.
– த.

அக்கா எழுதியதைப் படித்ததும் மிலெவின் ‘எங்கள் தாய்மார் எப்போதும் கறுப்பே உடுத்துகிறார்கள்’ படத்தை எடுத்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1926இல் வரைந்தது. பால்கன் போர்கள், முதல் உலகப் போர், 1919இல் நேயி உடன்படிக்கையில் போன நிலம், இத்தனைக்கும் பிறகு வந்த கறுப்பு அது. அடுத்த ஆண்டே மிலெவ் இறந்துவிட்டார், வயது முப்பதுகூட ஆகவில்லை. பின்னால் ஐந்து லெவா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டார்கள்.

இடையில் இன்னொரு கேள்வி. ஸ்லாத்யூ போயாஜியேவ் என்ற ஓவியருக்கு 1951இல் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அப்புறம் இடது கையால் வரையப் பழகினார், படங்களே வேறாகிவிட்டன. அந்தக் காலத்தை ‘இடங்கைக் காலம்’ எனலாமா?
– க.

கூடாது. இடங்கை என்றால் வலங்கை–இடங்கைச் சாதிப் பிரிவு நினைவுக்கு வரும், சோழர் கல்வெட்டு படித்தவர்கள் திடுக்கிடுவார்கள். ‘இடக்கைக் காலம்’ என்று போடுங்கள். பிறந்தகம் அழகுதான். ஆனால் எங்கள் ஊரில் அது சில வீடுகளின் பேச்சாகவே கேட்டிருக்கிறது, மற்றவர்களுக்கு அம்மா வீடுதான். தவிர, ஓவியர்களை மணமாகிப் போன பெண்களாக்குகிறது.
– செ.

ஆக்கினால் என்ன குறை?
– த.

ஒரு முக்கியமான ஆளை விட்டுவிட்டோம். இவான் ம்ர்க்விச்கா செக் நாட்டுக்காரர். 1881இல் ப்ளோவ்திவுக்கு ஆசிரியராக வந்தார், 1896இல் சோபியாவில் ஓவியப் பள்ளி தொடங்கியவர்களில் ஒருவர். ‘ரச்செனித்ஸா’ என்ற கிராமத்து நடனத்தை 1894இலேயே வரைந்தவர். சங்கம் வைக்கும் முன்பே பல்கேரியக் கிராமத்தை ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர் அயலார். தாய்மண் என்றால் அவருக்கு இடமில்லை, பிறந்தகம் என்றாலும் இல்லை. தமர் என்றால் உண்டு. ‘தமராக் கொளல்’ என்பதே பிறரைத் தம்மவராக ஏற்பதுதானே.
– மு.ரா.

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை ஐயா. ஆனால் பிள்ளைகளுக்குப் புரியாது என்பதும் அப்படியே நிற்கிறது.
– செ.

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கட்டுரை போய்விட்டது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து எண்ணினால் தாய்மண்ணுக்கே ஆதரவு அதிகம், எனவே ‘தாய்மண் கலை’ என்றே போட்டேன். முதல் இடத்தில் ரோத்னோ இஸ்குஸ்த்வோவையும் அப்படியே எழுதி, வேர்ப்பொருளை ஒரு வரியில் சொல்லியிருக்கிறேன். மிலெவ் பத்தியில் மட்டும் ஓவியர்கள் ‘பிறந்தகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்’ என்று எழுதினேன். அங்கே வேறு சொல் வரவில்லை.
– க.

அப்படியானால் ம்ர்க்விச்காவுக்குப் பல்கேரியா புக்ககம். அவரைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள்.
– த.

நான் தமர் கலை என்றே எழுதுவேன்.
– மு.ரா.