மறு: [கலைச்சொல்] துள்ளும் குதிரை மேல் எட்டு நொடி: இவரை எப்படி அழைப்பது?

அன்புள்ள குழுவினர்க்கு,

ரோடியோ என்ற வட அமெரிக்க வீரவிளையாட்டையும் அதன் பாட்டுகளையும் பற்றி நாம் எழுதும் கட்டுரைக்கு, துள்ளும் குதிரை ('பிராங்க்') மேல் ஏறும் வீரரைக் குறிக்க நீங்கள் முன்மொழிந்த சொற்களுக்கு என் பதில் இது.

> 'முரட்டுக்குதிரை அடக்குநர்' என்று போட்டுவிடலாமே. நம்மூரில் மாடுபிடி வீரர் இருக்கிறார், அங்கே குதிரை. அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை, ஐயா. 'அடக்கு' என்ற சொல் உள்ளே வந்தாலே கதை தலைகீழாகிவிடும். ரோடியோ களத்தில் குதிரையை யாரும் அடக்குவதில்லை. அடங்கிவிட்டால் ஆட்டமே இல்லை. எட்டு நொடி மேலே இருக்க வேண்டும், ஒரு கையால் மட்டும் பிடிக்க வேண்டும், மற்றக் கை குதிரை மீதோ தன் மீதோ பட்டால் தகுதி போச்சு. இதெல்லாம் எல்லாரும் படித்திருப்பீர்கள். மதிப்பெண்ணைப் பாருங்கள். நூற்றில் பாதிதான் ஏறியவருக்கு. மீதிப் பாதி குதிரைக்கு, அது எவ்வளவு உயரம் எழும்பியது, எவ்வளவு வலுவாகப் பின்கால் வீசியது என்பதற்கு. குதிரை சோம்பலாக நாலு துள்ளு துள்ளிவிட்டு ஓடினால் வீரருக்குத்தான் நட்டம். அதனால்தான் அப்படி ஒரு குதிரை வாய்த்தவருக்கு வேறு குதிரையில் மறுவாய்ப்பு தரும் விதியே இருக்கிறது. குதிரை நன்றாகத் திமிற வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு ஏறுகிறவரை 'அடக்குநர்' என்பது எப்படிப் பொருந்தும்?

> ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே 'பிராங்க் ரைடர்' என்று எழுதினால் என்ன?

எழுதலாம் அம்மா. ஆனால் வாசகர், யூடியூபில் தெருவில் போகிறவரை ஏமாற்றிப் படம் பிடிக்கிறார்களே, அந்த பிராங்க் என்று நினைப்பார். கொஞ்சம் வயதானவர் பிரெஞ்சுக்காரர்களின் பழைய நாணயம் என்று நினைப்பார். குதிரை யாருக்கும் நினைவுக்கு வராது.

'சண்டிக்குதிரை'யை மூன்று பேர் முன்மொழிந்திருக்கிறீர்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சண்டி என்றால் நின்ற இடத்தை விட்டு நகராமல் அடம்பிடிப்பது. நாம் பேசுவது ஒரு நொடி நிற்காத குதிரை. 'கலிமா' சங்கச் சொல், செருக்குள்ள குதிரை என்ற பொருளும் சரிதான். இன்றைக்கு அதைக் கேட்டால் இஸ்லாமியர் ஓதும் கலிமாதான் நினைவுக்கு வரும். விட்டுவிடலாம். 'திமிறுமா' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'திமிறும், திமிறும்' என்று பதில் சொல்லத் தோன்றுகிறது.

என் பரிந்துரை: குதிரைக்கு 'திமிறுபரி', ஏறுபவர்க்கு 'திமிறுபரி வீரர்'. வினைத்தொகை என்பதால் நேற்றும் திமிறியது, இன்றும் திமிறுகிறது, நாளையும் திமிறும், ஒற்றும் மிகாது. 'பரி' பழஞ்சொல்லாயிற்றே என்று தயங்க வேண்டாம், நரி பரியான கதை தெரியாதவர் நம்மில் குறைவு.

இனி பாட்டுக்கு வருவோம். கட்டுரையே அதைப் பற்றித்தானே. 'பேலட்' என்பதற்குக் 'கதைப்பாடல்' நம்மிடம் எப்போதோ நிலைத்துவிட்டது, அதில் கைவைக்க வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய அமெரிக்க மேற்குக் கதைப்பாடல்களில் வரும் ஆளும் ரோடியோ களத்து ஆளும் ஒருவரல்லர்.

கர்லி பிளெட்சர் என்ற அமெரிக்கர் எழுதி 1915இல் அரிசோனாச் செய்தித்தாளில் வந்த கவிதை, பின்னால் 'ஸ்ட்ராபெரி ரோன்' என்ற பாட்டாகப் பரவியது. அதில் வருபவர் கையில் காசில்லாமல் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும் குதிரைக்காரர். ஏறமுடியாத குதிரையே கிடையாது என்று பீற்றிக்கொள்கிறார். பண்ணைக்காரர் ஒருவர் கூலி பேசி அழைத்துப் போகிறார். பட்டியில் நிற்பதோ செம்மயிரில் வெண்மயிர் கலந்த ஒரு கிழட்டு உருவம்: பன்றிக்கண், நுனி ஒட்டிய காது, வளைந்த மூக்கு. கண்ணைக் கட்டிச் சேணம் பூட்டி ஏறுகிறார். பிறகு நடப்பதுதான் பாட்டின் உயிர். குதிரை மேலெழும்பி அந்தரத்தில் உடம்பை முறுக்கி, வயிற்றை வெயிலுக்குக் காட்டுகிறது. கால் ஊன்றும் அங்கவடிகளில் ஒன்று கழன்று போகிறது, தொப்பி போகிறது, கடைசியில் ஆளும் போகிறார். வென்றது குதிரை! வீரரைப் பாட எடுத்த பாட்டு குதிரையைப் பாடி முடிகிறது.

பிளெட்சர் தாமே ரோடியோவில் ஏறியவர். வெறும் கற்பனையில் இந்த முறுக்கல் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆனால் பாருங்கள், இந்த ஆள் போட்டிக்கு ஏறவில்லை. பண்ணை வேலைக்குக் குதிரையைப் பழக்கித் தரக் கூலி வாங்கியவர். ஆகவே இவர்க்கு வேறு சொல் வேண்டும். இங்கே 'அடக்கு' கூடப் பொருந்தும், ஆனால் 'குதிரை பழக்குநர்' இன்னும் எளிது. ஒரே சொல்லை இரண்டு பேருக்கும் வைத்தால், கட்டுரையின் நடுவில் வாசகர் குழம்புவார்.

திமிறுபரி வீரர் என்ற பெயருக்கு முழு உரிமை பெற்றவர் பீட் நைட். 1903இல் பிலடெல்பியாவில் பிறந்து, கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிராஸ்பீல்டு பக்கம் வளர்ந்தவர். 1930களில் நான்கு முறை உலக வாகையர். நோவா ஸ்கோஷியாவிலிருந்து மேற்கே வந்த பாடகர் வில்ப் கார்ட்டர் அவரை உயிரோடு இருக்கும்போதே அரசர் என்று பாடினார். 1937 மே மாதம் கலிபோர்னியாவின் ஹேவர்டில், டஸ்டர் என்ற குதிரையிலிருந்து விழுந்தவரை அதே குதிரை மிதித்தது. பீட் நைட் அன்றே இறந்தார். அதே கார்ட்டர் அந்தக் கடைசி ஏற்றத்தையும் பாட்டாக்கினார். வாழ்த்தும் கையறுநிலையும் ஒரே வாயிலிருந்து. இந்த இணைக்காகவே கட்டுரையில் பீட் நைட்டுக்கு அதிக இடம் கொடுங்கள். கேசி டிப்ஸை ஒரு வரியில் முடிக்கலாம்: தெற்கு டகோட்டாக்காரர், சேணம் பூட்டி ஏறும் போட்டியில் மட்டும் ஆறு உலகப் பட்டங்கள்.

கிரிஸ் லெடூ பற்றி எழுதும்போது கவனம். 1976இல் வாகை சூடியவர், தாமே பாடிய நாடாக்களை ரோடியோ ஊர்களில் விற்றவர். அவர் ஏறியது சேணமில்லாப் பிரிவில். அதற்காக 'வெறுமுதுகு' என்று எழுதாதீர்கள். குதிரையின் முதுகில் தோல் வார் கட்டி, அதில் பெட்டிக் கைப்பிடி போல ஒன்று இருக்கும், அதைத்தான் பிடிப்பார்கள். 'சேணமிலாத் திமிறுபரி' போதும். சேணப் பிரிவில் கையில் இருப்பதும் கடிவாளம் இல்லை. வாயில் இரும்பே கிடையாது. தலைக்கயிற்றில் கட்டிய ஒற்றைத் தடித்த வார், அவ்வளவுதான். 'கடிவாளத்தைப் பற்றி' என்று வரைவில் நான்கு இடத்தில் வருகிறது, நான்கையும் மாற்ற வேண்டும்.

அன்புடன்.

——

> திமிறுபரி பிடித்திருக்கிறது அண்ணா. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குதிரை வெளிவரும் அடைப்புக்கு 'வாடிவாசல்' போடக்கூடாதா? இதைவிட நல்ல சொல் கிடைக்காது. சூடு இருக்கிறது.

சூடு இருக்கிறது தம்பி, அதுதான் எனக்கு இடிக்கிறது. வாடிவாசலில் காளை தனியாக வரும், ஆள் வெளியே காத்திருப்பார். இங்கே ஆள் அடைப்புக்குள்ளேயே, பலகைச் சுவரில் கால் ஊன்றி, மேலிருந்து குதிரை மேல் இறங்கி உட்கார்கிறார். தலையசைத்த பிறகுதான் கதவு திறக்கும். முதல் துள்ளலில் குதிரையின் முன்கால் தரையில் படும்போது அவருடைய காலணியின் குதிமுள் குதிரையின் தோள்பட்டைக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. 'ஏறடைப்பு' என்று ஒரு சொல் தோன்றுகிறது. 'ஏறு' காளையையும் குறிக்குமே என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், அங்கே காளை மேலும் ஏறுகிறார்களே.

> இன்னொன்று. கதாநாயகன் யார், வீரரா குதிரையா? தலைப்பு வைக்க வேண்டும்.

இரண்டையும் வையுங்கள். அங்கே மக்கள் இந்த வழக்கைத் தீர்த்துவிட்டதாகத் தெரியவில்லை. வயோமிங் மாநிலத்தில் 1936 முதல் வண்டி எண் பலகையில் திமிறும் குதிரையும் அதன் மேல் வீரரும் சேர்ந்தே இருக்கிறார்கள். மிட்நைட் என்ற கனடாத் திமிறுபரியை ஓக்லஹோமா நகரின் கௌபாய் அருங்காட்சியக வளாகத்தில் புதைத்திருக்கிறார்கள். வீரர்கள் பலருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கனடாப் பாடகர் இயன் டைசன் 1964இல் எழுதிய 'சம்டே சூன்' பாட்டையும் சேருங்கள். பேசுபவள் ரோடியோக்காரனைக் காதலிக்கும் பெண். தன்னைப் போலவே அவன் ரோடியோவையும் நேசிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தே கிளம்பத் துணிகிறாள். ஒருவர் எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது கிட்டார் கற்றுக்கொண்டார் என்றால் அது இந்த டைசன்தான். ரோடியோவில் விழுந்ததில் முறிந்த கணுக்கால்.

'ரோடியோ'வுக்குத் தமிழ்ச்சொல் தேட வேண்டாம், அப்படியே விடுங்கள். வெயிலுக்கு வயிறு காட்டும் அந்த முறுக்கலுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'அந்தர முறுக்கு' என்று தற்காலிகமாகப் போட்டு, வரைவின் மூன்றாம் பத்தியை அனுப்புங்கள். குதிரை வண்டி ஓட்டிய பெரியவர்கள் யாரேனும் குழுவில் இருந்தால் பழக்கத்திலுள்ள சொல் சொல்லட்டும், அதையே எடுத்துக்கொள்வோம்.