திறந்தவெளி ராக் கச்சேரி: மேடைக்கு முன்னால் நிற்பதா, பின்னால் நிற்பதா?

ஏற்காடு அடிவாரம்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு ராக் கச்சேரி, வெட்டவெளி மைதானம், எனக்கு வாழ்க்கையில் முதல் முறை. இதுவரை நான் பார்த்த பெரிய கூட்டம் என்றால் ஆடி மாதம் எங்கள் கோட்டை மாரியம்மன் பண்டிகைதான். 2011-ல் மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழு பெங்களூருக்கு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. பெரியப்பா பையன் போய்விட்டு, செம்மண் சேறு அப்பிய ஷூவோடு வந்து, அதைக் கழுவாமல் பரணில் நினைவுச்சின்னம் மாதிரி வைத்திருந்தான். பெரியம்மா போகிக்கு எரித்துவிட்டார், இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புவான்.

விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட்டில் இரண்டு வகை. மேடையை ஒட்டித் தடுப்பு கட்டிய பகுதி 9,000 ரூபாய், அதற்குப் பின்னால் 4,000. இரண்டுமே நின்றுகொண்டு பார்ப்பதுதான். என் உயரம் 5 அடி 4 அங்குலம், அதனால் 4,000-க்கு வாங்கினால் மற்றவர்களின் பின்மண்டையைத்தான் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானத்தில் பெரிய கச்சேரிகள் நடந்த காலத்தில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள், முன்னால் நிற்பதற்கு அந்த 5,000 தகுமா? அப்புறம், கச்சேரி முடிந்து அன்றைக்கே சேலம் பஸ் பிடிக்க முடியுமா? மறுநாள் லீவு கிடைக்கவில்லை.

பழைய கறுப்பு டீசர்ட்:

தம்பி, இரண்டையும் அனுபவித்தவன் சொல்கிறேன்.

2007 மார்ச் 17, அயர்ன் மெய்டன், பேலஸ் கிரவுண்ட்ஸ். அந்த அளவுக்குப் பெரிய ஹெவி மெட்டல் குழு ஒன்று நல்ல ஓட்டத்தில் இருக்கும்போதே, அதாவது முந்தைய வருடம் போட்ட ஆல்பத்தோடு, நம் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை வெளிநாட்டு ராக் குழுக்கள் ரிட்டயர்மென்ட் பணம் வாங்கிய பிறகுதான் இந்தியா வரும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சென்னையிலிருந்து முந்தின இரவு மெயிலில் ஏறி, விடிகாலையில் பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினோம். ரயில் பெட்டி முழுக்கக் கறுப்பு டீசர்ட். டிடிஆர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு "ஏதாவது துக்கமாப்பா?" என்று கேட்டார்.

மதியத்திலிருந்தே வெயிலில் நின்று முன்னால் இடம் பிடித்தோம். முதலில் டில்லியின் பரிக்கிரமா குழு வாசித்தார்கள், அப்புறம் மெய்டனின் பாஸ் கிதார்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ் பாடினார். அதுவரை எல்லாம் சரி. மெய்டன் மேடையேறிய நொடியில் பின்னாலிருந்து ஒரு தள்ளு. தள்ளு என்றால் யாரோ கையால் தள்ளுவது இல்லை, கடலில் இடுப்பளவு நிற்கும்போது அலை வந்து தூக்குமே, அது. நாம் நடக்கவில்லை, ஆனால் பத்தடி இடப்பக்கம் போயிருப்போம். மூன்றாவது பாட்டில் என் கண்ணாடி போய்விட்டது. பவர் மைனஸ் நான்கு. குனிந்து தேட முடியுமா என்ன? மீதிக் கச்சேரி முழுக்க என் நாயகர்கள் ஆறு பேரும் எனக்கு நகரும் வெளிச்சத் திட்டுகள்தான். முன்வரிசைக்குப் போயும் ஒன்றும் பார்க்காமல் வந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

2011 அக்டோபர் 30, மெட்டாலிகா. இரண்டு நாள் முன்னால் டில்லி பக்கத்துக் குர்காவ்னில் நடக்க வேண்டியது, தடுப்புகள் தாங்காமல் ரத்தாகி, கூட்டம் மேடையேறிப் பொருட்களை உடைத்ததை டிவியில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். பெங்களூரிலும் நடக்காதோ என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. நடந்தது. காலுக்குக் கீழே சேறு (உன் அண்ணன் ஷூ பொய் சொல்லவில்லை), ஒவ்வொரு அடிக்கும் அரைக் கிலோ மண் கூட வரும். இந்த முறை நான் முன்னால் போகவில்லை. மைதானத்தின் நடுவில் சவுண்ட் மிக்ஸர் வைத்த பந்தல் இருக்கும், அதன் தடுப்பில் சாய்ந்து நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் கயிறு கட்டியிருந்தேன், கல்யாண மண்டபத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி.

விளக்கு அணைந்தது. எனியோ மோரிகோனே ஒரு கௌபாய் படத்துக்குப் போட்ட இசையைத்தான் அவர்கள் 1983-லிருந்து மேடையேறும் முன் ஒலிக்க விடுவார்கள். அதில் வார்த்தையே கிடையாது, ஒரு பெண் குரல் ராகமாக மேலே போகும். அதை மொத்த மைதானமும் ஒரே குரலில் பாடியது. முன்னால் நின்றிருந்தால் பக்கத்தில் இருப்பவன் கத்துவது மட்டும்தான் கேட்டிருக்கும். பந்தலடியில் நின்றதால் அந்தக் குரல் முன்னாலிருந்து எழுந்து வந்து என்னைத் தாண்டிப் பின்னால் போனதைக் கேட்டேன். இப்போது எழுதும்போதும் கை சிலிர்க்கிறது.

ஆகவே 4,000 டிக்கெட் வாங்கு. மிச்சம் 5,000-ல் அண்ணனையும் கூட்டிப் போ, பாவம்.

மைக்செட்காரன்:

மேலே அண்ணன் சொன்ன பந்தல் விஷயத்துக்கு நான் காரணம் சொல்கிறேன், இது நம் தொழில். கரூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கோயில், கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம் உண்டு, பெரிய மேடை வேலைகளுக்கு உதவியாளாகவும் போயிருக்கிறேன்.

மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவன் தன் காதுக்கு என்ன கேட்கிறதோ அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறான். அவன் பக்கத்தில் நின்றால் அவன் கேட்பது உனக்கும் கேட்கும். மேடைக்கு நேர் கீழே கதை வேறு. மேலே வாழைத்தார் மாதிரி வளைந்து தொங்கும் ஸ்பீக்கர் பெட்டிகள் பெரும்பாலும் உன் தலைக்கு மேலே தாண்டிப் பின்னால் பார்த்துத்தான் பேசும், தரையில் வைத்த பேஸ் பெட்டிகள் உன் வயிற்றோடு பேசும். பாடகர் என்ன பாடினார் என்று முன்வரிசைக்காரனைக் கேட்டால் முழிப்பான். அதற்காக மேடை விளிம்பில் சின்னப் பெட்டிகள் வைப்பார்கள், இருந்தாலும் பின்னால் கேட்கிற சுத்தம் வராது.

ரொம்பப் பின்னால் போனாலும் பிரச்சினை. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டரில் நின்றால், டிரம்மர் அடிப்பதைத் திரையில் பார்த்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் சத்தம் வரும். நம் ஊர்த் திருவிழாவில் தெரு நெடுக மரத்துக்கு மரம் குழாய் கட்டியிருப்போம், ஒரே பாட்டு மூன்று தரம் கேட்கும், கவனித்திருப்பாய். குழாயில் எல்லாம் ஒரே நேரத்தில்தான் பாடுகிறது, உன் காதுக்கு வந்து சேர்வதுதான் முன்னே பின்னே. பெரிய கச்சேரியில் இந்தக் குழப்பம் வரக்கூடாது என்று மைதானத்தின் நடுவில் கோபுரம் கட்டி இன்னொரு செட் பெட்டி தொங்கவிடுவார்கள். டிலே டவர் என்போம். மேடைச் சத்தம் அங்கே வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் போட்டு, அந்தப் பெட்டிகளை வேண்டுமென்றே தாமதமாகப் பாட வைப்பார்கள். உள்ளே போனதும் அந்தக் கோபுரம் எங்கே என்று பார். மேடைக்கும் பந்தலுக்கும் நடுவில் நிற்க முடியாவிட்டால் கோபுரத்துக்குக் கொஞ்சம் பின்னால் நில். கோபுரத்துக்கு நேர் கீழே நிற்காதே.

காற்று அடித்தால் சத்தம் போய்ப் போய் வரும், டிரம்ஸில் இருக்கும் சிம்பல் தட்டின் சத்தம் திடீரென்று காணாமல் போகும். அதற்கு ஆபரேட்டரைத் திட்டாதே, பாவம் அவன்.

காதுக்குப் பஞ்சு வைக்கிறேன் என்று கிளம்பாதே, பஞ்சு ஒன்றுக்கும் உதவாது. மெடிக்கலில் நுரை அடைப்பான் சல்லிசாகக் கிடைக்கும், அதை உருட்டிச் செருகு. 85 டெசிபல் என்றால் காது எட்டு மணி நேரம் தாங்கும் என்று ஒரு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100-க்கு வந்தால் 15 நிமிடம்தான். பெட்டிக்குப் பக்கத்தில் 100 என்பது சர்வசாதாரணம். எனக்கு இடது காதில் ராத்திரியானால் சில்வண்டு கத்துகிறது, இருபது வருடத் தொழிலின் போனஸ்.

டபுள் பேஸ் வெறியன்:

என்னய்யா எல்லோரும் சேர்ந்து பையனைப் பென்ஷன்தாரர் ஆக்குகிறீர்கள்? சுத்தமான சத்தம் வேண்டுமென்றால் வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாமே, எதற்குப் பெங்களூர்? பேஸ் டிரம் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சுக்கூட்டில் விழ வேண்டும், வியர்வையில் யாருடைய சட்டை என்று தெரியக்கூடாது, மறுநாள் கழுத்து திரும்பக்கூடாது. இருபத்தேழு வயதில் முன்னால் போகாவிட்டால் எப்போது போவது? 9,000 போடு தம்பி.

ஜெயநகர் நான்காவது பிளாக்:

நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். 2009 பிப்ரவரியில் மெய்டன் திரும்பி வந்தபோது கல்லூரித் தோழிகள் நான்கு பேர் போனோம். முன்னால்தான் நின்றோம், மூன்று பாட்டு. மேலே வெறியன் தம்பி சொன்ன நெஞ்சுக்கூடு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை, அதை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு தடவை தடுமாறி விழுந்தேன், விழுந்து ஒரு நொடிகூட ஆகியிருக்காது, முன்பின் தெரியாத நான்கைந்து கைகள் தூக்கி நிறுத்திவிட்டன, ஒருவர் என் தோளைத் தட்டி "ஓகேவா மேடம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி தலையை ஆட்டப் போய்விட்டார். அந்தக் கூட்டத்தைப் பற்றி வெளியே பேசுகிற பேச்சுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் நெரிசல் வேறு விஷயம், அதில் யாருடைய நல்ல மனசும் உதவாது. 2000-ல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் பேர்ல் ஜாம் என்ற ராக் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது முன்பக்க நெரிசலில் 9 பேர் இறந்துபோனார்கள், அதுவும் திறந்த மைதானம்தான். வெட்டவெளியாக இருந்தாலும் முன்னால் தடுப்பு, பின்னால் கூட்டம் என்றால் அந்த இடம் மூடிய அறைதான். கை இரண்டையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுவிட இடம் இருக்கும். செல் கீழே விழுந்தால் போனது போனதுதான், குனியாதீர்கள். வெளியே வர வேண்டுமென்றால் அலையை எதிர்த்து நேர் பின்னால் வர முடியாது, தள்ளு ஓய்கிற இடைவெளியில் குறுக்காகப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வரவேண்டும். நாங்கள் அப்படித்தான் வந்தோம், ஒரு முழுப் பாட்டு நேரம் ஆனது. பின்னால் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால், அடடா, மேடைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய படுதா தொங்குகிறதா என்று அப்போதுதான் தெரிந்தது!

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: கழிப்பறைக்கு முக்கிய குழு வருவதற்கு முன்பே போய்விடுங்கள். அப்புறம் திரும்பி அதே இடத்துக்கு வரவே முடியாது.

பஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெட்டவெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் பொதுவான அனுமதி, 2000-ல் வந்த ஒலி மாசு விதி அது. சில நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அது உங்களுக்கு வாய்க்கும் என்று நம்ப வேண்டாம். பத்துக்கு முடிந்தாலும் மைதானத்தை விட்டு ரோட்டுக்கு வரவே முக்கால் மணி நேரம் ஆகும், ஆட்டோக்காரர்கள் வாயில் வந்ததைக் கேட்பார்கள். ஒரு கிலோமீட்டர் நடந்து போய் ஏறுங்கள். நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் வண்டியாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள், அதற்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.

ஏற்காடு அடிவாரம்:

அக்கா, அண்ணன்களே, ரொம்ப நன்றி. 4,000 டிக்கெட் இரண்டு போட்டுவிட்டேன், அண்ணனும் வருகிறான். வெறியன் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், 4,000 பகுதியிலும் முன்பக்கம் என்று ஒன்று இருக்குமே.

ஏற்காடு அடிவாரம் (ஐந்து வாரம் கழித்து):

போய்விட்டு வந்தாயிற்று. முதல் நான்கு பாட்டு தடுப்பை ஒட்டி நின்றோம், கழுத்து இன்னும் சரியாகவில்லை. ஐந்தாவதில் அண்ணன், "டேய், எனக்கு நாற்பது வயசுடா" என்றான். குறுக்காக நகர்ந்து நகர்ந்து பந்தலுக்கு வந்தோம். அங்கே நின்றபோதுதான் பாஸ் கிதார் என்று ஒன்று இருப்பதே கேட்டது. என் உயரத்துக்கு மேடை முழுசாகத் தெரியவில்லை, இரண்டு தலைகளுக்கு நடுவே டிரம்மரின் வலது கை மட்டும் நன்றாகத் தெரிந்தது. அது போதும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை இல்லை. ஷூவில் சேறே படவில்லை என்று அண்ணனுக்குத்தான் வருத்தம்.

மைக்செட்காரன்:

டிலே டவர் எத்தனை?

ஏற்காடு அடிவாரம்:

இரண்டு அண்ணா. வலது பக்கத்துக் கோபுரம் நடுவில் ஒரு பாட்டு முழுக்கப் பேசவே இல்லை. எங்களைச் சுற்றி யாருமே கவனிக்கவில்லை, நான் மட்டும் அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவன் பாட்டைக் கேட்க விடுடா என்று அடித்தான்.