ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு எழுதிய வலைச்செயலி: எம்.சி.ஏ. படிப்பு அனுபவம்

1985-இல் தொடங்கப்பட்ட காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. படித்தபோது, வலைச்செயலி உருவாக்கம் எனக்கு முழுமையாகப் பிடிபட்டது, ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறைக்கு ஆர்டர் பதிவேடு எழுதிக் கொடுத்த செயல்திட்டத்தில்தான். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமென்ட் ஊற்றிக் கையாலேயே கல் செய்யும் அந்தப் பட்டறையில், முகப்புக்கு எத்தனை சதுர அடி, வளவுக்கு (உள்முற்றப் பகுதிக்கு) எந்தப் பூ வடிவம் என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதப்பட்டு வந்தன. அந்த நோட்டைப் பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும் கொண்டு வலைப்பக்கமாக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் ஃபிரேம்வொர்க் எனப்படும் ஆயத்த நிரல் கட்டமைப்புகள் பக்கம் போகாமல், உலாவியில் எஃப்12 அழுத்தி உருவாக்குநர் கருவியைத் திறந்து, சர்வருக்குப் போகும் கோரிக்கையையும் அங்கிருந்து வரும் பதிலையும் வரி வரியாகப் படிக்கும்படி எங்கள் பேராசிரியை சொன்னார். அது மிகச் சரியான வழி என்று இன்றும் நினைக்கிறேன். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இருப்பதாக அது அறியாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி உருவாக்கிய குக்கீ, அதாவது உலாவியில் சேமிக்கப்படும் சிறு தகவல் துணுக்குதான் அந்தக் குறையைத் தீர்க்கிறது. பயனரின் அடையாள எண்ணை வைத்திருக்கும் பிஎச்பிசெஸ்ஐடி என்ற குக்கீயை நானே அழித்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்ததும், அதுவரை தேர்ந்தெடுத்திருந்த கற்களின் பட்டியல் முழுவதும் காலியாயிற்று. ஒரே பயனரின் கோரிக்கைகளைச் சேர்த்து நினைவில் வைக்கும் செஷன் என்றால் என்னவென்று அதன்பின் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பயனர் தட்டச்சு செய்வதை தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் வாக்கியத்தில் அப்படியே ஒட்டக் கூடாது, வாக்கியத்தையும் மதிப்பையும் தனித்தனியே தரும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் வழியாகவே அனுப்ப வேண்டும் என்பதை ஆய்வக வகுப்பிலேயே பழகியிருந்ததால், அந்தப் பகுதி சிரமமின்றி முடிந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தமிழ்தான். ஊர்ப்பெயர்க் கட்டத்தில் ‘ஆத்தங்குடி’ என்று உள்ளிட்டால், தரவுத்தளத்தில் பத்துக் கேள்விக்குறிகள் நின்றன. அட்டவணை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியீட்டில் உருவாகியிருந்தது. தனக்குள் இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் அது ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஆறுதானே, பத்து எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பெறுகின்றன என்பதும், அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் அந்த ஒரு பெயருக்கே 30 பைட் ஆகிறது என்பதும் விளங்கின. பெயர் 30-க்கு மிகக் கூடாது என்று ஸ்டிரிங்லென் (strlen) போன்ற பைட் எண்ணும் சோதனை வைத்தால், ஏழே எழுத்துள்ள கானாடுகாத்தான் 42 பைட் ஆகி வெளியே நின்றுவிடும். எழுத்துக்குறிகளை எண்ணும் ‘எம்பி_ஸ்டிரிங்லென்’ (mb_strlen) அங்கே தேவை.

2018-இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 முதல், எல்லா யூனிகோட் எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 குறியீடு இயல்பாகவே அமைந்திருக்கிறது. பழைய அட்டவணையை அதற்கு மாற்றலாம். ஆனால் கேள்விக்குறியாகிவிட்ட பெயர்கள் திரும்பி வருவதில்லை, ஏனெனில் மூலப் பைட்டுகளே அங்கு இல்லை. பட்டறையின் நீள நோட்டு பத்திரமாக இருந்ததால், அதைப் பார்த்தே ஒவ்வொரு பெயரையும் மறுபடி உள்ளிட்டோம்.