பாட்காஸ்ட்: 'வலையொலி' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாட்காஸ்ட்டுக்கு, அதாவது இணையத்தில் பகுதி பகுதியாக வெளியாகி, வேண்டும்போது கேட்கக்கூடிய ஒலி நிகழ்ச்சிக்கு, 'வலையொலி' என்ற தமிழ்ச்சொல் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டதே, அதை ஏன் மறுபடி கிளற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பொதுப் பேச்சுக்கு அச்சொல் போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கேட்போரைப் பற்றிய ஆய்வில்தான் அது கைகொடுக்க மறுக்கிறது. கள ஆய்வு ஒன்றில் "கடைசியாக வலையொலி கேட்டது எப்போது?" என்ற என் கேள்விக்கு, ஒரு பெரியவர் "இப்போதுதான்" என்று சொல்லிக் கைபேசியை நீட்டினார். அதில் ஒரு வானொலிச் செயலி வழியே மாநிலச் செய்திகள் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தன. வலை வழியே வரும் ஒலிதானே அது? அவர் விடையில் பிழையில்லை, என் சொல்லில்தான் பிழை.

நேரலை வானொலி, பாட்காஸ்ட் ஆகிய இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி. ஆய்வாளர் ரிச்சர்ட் பெரி 2006-இல் 'கன்வர்ஜன்ஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரை பாட்காஸ்ட்டை வானொலியின் உறவாக வைத்தே ஆராய்ந்தது. ஆயினும் எதை, எப்போது கேட்பது என்ற முடிவு நிலையத்திடமிருந்து கேட்பவரின் கைக்கு மாறியதை அது அழுத்திச் சொன்னது. மெக்கிளங், ஜான்சன் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் பாட்காஸ்ட் கேட்பதற்கான காரணங்களுள் பொழுதுபோக்கோடு, தமக்கு வாய்த்த நேரத்தில் கேட்பதையும் நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதையும் கண்டது. 'ஒலிபரப்பு' என்பதில் உள்ள 'பரப்பு', வயலில் விதையைக் கைவீசித் தூவுவது போன்றது. யார் நிலத்தில் விழுகிறது என்பது தூவுபவருக்குத் தெரியாது. பாட்காஸ்ட்டிலோ நேயரே வந்து எடுத்துச் செல்கிறார்.

'பாட்காஸ்ட்' என்பதை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. இதழாளர் பென் ஹேமர்ஸ்லி 2004 பிப்ரவரியில் 'கார்டியன்' நாளிதழில் அச்சொல்லை எழுதியபோது அதன் முற்பாதிக்குப் பெயர் தந்த ஐபாட், பாட்டுக் கேட்பதற்கென அனைவரும் அறிந்திருந்த கையடக்கக் கருவி. அதன் விற்பனையை ஆப்பிள் 2022-இல் நிறுத்திவிட்டது. மறைந்த கருவியின் பெயரைத் தமிழில் புதிதாக ஏன் நட வேண்டும்?

என் பரிந்துரை 'ஒலித்தொடர்'. வார இதழ்த் தொடர்கதையிலிருந்து இன்றைய வலைத்தொடர் வரை, அடுத்த பகுதிக்குக் காத்திருக்கும் பழக்கத்தை 'தொடர்' என்ற சொல் நமக்கு உடனே உணர்த்துகிறது. அதுவே வினையுமாகிறது: கேட்பவர் ஒன்றைத் தொடர்கிறார், அடுத்த பகுதி தானே அவரிடம் வந்து சேர்கிறது. ஆப்பிள் 2021-இல் தன் செயலியில் சந்தா என்னும் பொருள்தரும் பொத்தானை 'பின்தொடர்' என்னும் பொருள்படும்படி மாற்றியதும் இதற்கு ஒத்துவருகிறது. வானொலி நாடகத் தொடரோடு குழம்பாதா என்றால், அதை 'வானொலித் தொடர்' என்றே எழுதிவருகிறோம். காட்சியோடு வருவனவற்றுக்கு இச்சொல் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்குத் தனிச்சொல் வேண்டும்.

ஆனால் கேட்பவரைக் குறிக்க வானொலியின் 'நேயர்' என்ற சொல்லையே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 'பயனர்' வேண்டாம். காதுக்குள் ஒருவர் தனியே பேசுவதுபோன்ற நெருக்கத்தை ஆய்வாளர்கள் பலரும் பேசுகிறார்கள். அந்த நேயம் 'நேயர் விருப்பம்' கேட்ட நாளிலேயே நம் சொல்லில் இருந்தது. எனவே கள ஆய்வுக் கேள்வியை இப்படித் திருத்தியுள்ளேன்: "நீங்கள் தொடரும் ஒலித்தொடர்கள் எவை? ஒரு பகுதியை எங்கே, என்ன வேலை செய்துகொண்டே கேட்பீர்கள்?" இதில் எச்சொல் இடறுகிறது என்று சொல்லுங்கள்.