நாலு புள்ளி கொடுத்து "என்ன நாற்கரம்?" என்று கேட்ட கணக்கு: உங்கள் அனுபவம்?

கோத்தகிரி அப்பா:
இன்னும் மனசு ஆறவில்லை. மகன் ஒன்பதாம் வகுப்பு. (0,0), (5,0), (8,4), (3,4). இரண்டு மூலைவிட்டத்துக்கும் நடுப்புள்ளி (4,2), ஆகவே இணைகரம். அவற்றின் சாய்வு 1/2, -2. பெருக்கினால் -1, அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்து, ஆகவே நாலு பக்கமும் சமமான சாய்சதுரம். மூன்றே வரியில் முடித்திருந்தான். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, இழுத்த வேகத்தில் தாளே கீறியிருந்தது. பக்கத்தில் "நான்கு பக்கம் எங்கே?" ஐந்துக்கு ஒரு மார்க்.

குன்னூர் டியூஷன் மிஸ்:
சார், சாய்வு பத்தாம் வகுப்புப் பாடம். அதோடு சதுரத்துக்கும் இதே -1தான் வரும். சதுரம் இல்லை என்று பையன் காட்டவே இல்லையே? அதற்காக ஒரு மார்க் என்பது அநியாயம்தான். என்னிடம் வருபவர்கள் நாலு பக்கமும் 5 என்றதும் "சதுரம்" என்று எழுதிப் பேனாவை மூடிவிடுவார்கள். ஒரு பெண் மட்டும், மழையில் கரண்ட் போன நேரம், கிராஃப் ஷீட்டில் வரைந்ததைக் கத்தரித்து ஜன்னலோரம் மூலைவிட்டத்தில் மடித்தாள். முனையோடு முனை உட்கார்ந்தது. மற்றதிலும் மடித்துவிட்டு, "மிஸ், ஒரு மடிப்பு இன்னொண்ணுக்கு ரெண்டு மடங்கு, அப்புறம் எப்படிச் சதுரம்?" என்றாள். √80, √20. சரிதானே!

கேத்தி காரட் தோட்டம்:
பரீட்சையை விடுங்கள். எங்கள் சரிவில் டேப் பிடித்தபோது நாலு பக்கமும் 20 மீட்டர். பங்காளி "சதுரம், 400 சதுர மீட்டர்" என்று ஒற்றைக்காலில் நின்றார். மலையில் இடம் வாங்குகிறவர்கள் கேளுங்கள்: பத்திரத்தில் வருவது கிடைமட்ட அளவு. 30 டிகிரி சரிவில் 20 மீட்டர் பிடித்தால் கிடைமட்டத்தில் 17.3தான். டேப்பைப் படிப்படியாக, மட்டமாகப் பிடியுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளக்காமல் சதுரம், செவ்வகம் என்று பேசவே கூடாது. போன் ஜிபிஎஸ்ஸில் நாலு மூலையைக் குறித்துக்கொண்டு வருகிறவர்களையும் நம்பாதீர்கள். அது சில மீட்டர் தள்ளிக் காட்டும், சின்ன இடத்தில் செவ்வகம்கூடச் சரிவகமாகிவிடும்.

கோத்தகிரி அப்பா:
நான் மார்க்கைக் கேட்டேன், நீங்கள் பத்திர ஆபீஸுக்கே போய்விட்டீர்கள்! மிஸ், பையன் சாய்வை அவன் அக்கா புத்தகத்தில் படித்தான். முன்கூட்டியே படித்தால் தப்பா?

கூடலூர் பத்தாம் வகுப்பு:
அங்கிள், எங்களுக்கு அதே புள்ளிகளை (0,0), (8,4), (5,0), (3,4) என்று வரிசை மாற்றிக் கொடுத்தார்கள். அப்படியே இணைத்தால் கோடுகள் நடுவில் வெட்டிக்கொள்ளும். பக்கத்து பெஞ்ச்காரன் "பட்டாம்பூச்சி" என்றே எழுதிவிட்டு வந்தான். அவனுக்கு ரெண்டு மார்க்.